முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை

1

இன்று தீபம். காலைச் செய்தி முடிந்த கையோடு ரேடியோவில் அறிவிப்பு வந்தது. மாநிலத்தின் வடபகுதி முழுவதும் இன்று திறந்த வெளியில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. அடுப்பு கூடாது, குப்பை கொளுத்தக் கூடாது, மீறினால் அபராதம், சமயத்தில் ஜெயில்.

அண்ணாமலை உச்சியில் கொப்பரை ஏற்றி, அங்கே ஊரே மொட்டை மாடியில் நின்று வடக்கும் தெற்கும் மறந்து மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நாள் இது. அந்த ஊரில் பிறந்த ஒருவனிடம், வாசலில் ஒரு அகல் ஏற்றக் கூடாது என்கிறது இந்த ஊர் சர்க்கார். கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் கார்த்திகை என்பது கோடை. புல்லெல்லாம் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி விழுந்தால் அடுத்த ஊர் வரை ஓடும்.

அஞ்சலை திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப வெளக்கு?”

“வீட்டுக்குள்ள வெச்சிக்கலாம். வெளிய கூடாது.”

“சாமியே மலை மேல ஏறி நின்னு எரியறாரு. இவங்களுக்கு வாசல்ல ஒரு அகலு ஜாஸ்தியாப் போச்சா?”

“புல்லு காஞ்சி கெடக்குது அஞ்சல. அதான்.”

“நீங்க எப்பவும் அவங்க கட்சிதான்.”

எங்கள் மகள் உமா சோளப்பொரியைப் பாலில் போட்டுக் கலக்கியபடி, “நாட் அலவ்ட், மம்மி,” என்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் கேட்டால் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

“வந்துட்டா போலீஸ்காரி,” என்றாள் அஞ்சலை.

அப்போதுதான் போன் அடித்தது. பக்கத்து வீதி கென். சாயங்காலம் காற்று அடங்கிவிடும், ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், படகை இறக்கப் போகிறேன் என்றார். சற்றுத் தயங்கி, “ஏஞ்சலா வருவாளா?” என்று கேட்டார். அஞ்சலை என்ற பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

நான் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முடியாது என்று சொல்ல ஒரு நல்ல காரணம் தேடினேன்.

“வரேன்னு சொல்லுங்க,” என்றாள் அஞ்சலை, திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன தை மாதம் அந்த ஏரியில்தான் அவள் என் கையைவிட்டுப் போகப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்தப் பத்து மாதமாக அவள் படகுக் கயிற்றைத் தொடவில்லை. தொடவே மாட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பா சிரித்தார். “தண்ணி மேல நிக்கறதா? சம்பளம் குடுத்து உன்ன அதுக்கா கூப்ட்டாங்க?” என்று கேட்டார்.

தீபம் முடிந்த மறுநாள் ஐயங்குளத்தில் தெப்பல் தொடங்கும் அல்லவா? பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, பூவும் விளக்கும் கட்டி, சாமியை ஏற்றி, கரையில் இருப்பவர்கள் வடம் பிடித்துக் குளத்தைச் சுற்றி இழுப்பார்கள். அதையே தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இழுப்பது மோட்டார் படகு. பின்னால் நீளமான கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு, காலில் இரண்டு சறுக்குப் பலகைகளை மாட்டிய ஒரு ஆள். படகு வேகமெடுத்தால் அந்த ஆள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து நிற்பார். சாமிக்குப் பதிலாக மனுஷன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தெப்பலில் யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. இதில் விழாத ஆளே கிடையாது.

விழுவார்கள் என்று தெரிந்தே ஆடுவதால், இதற்கு ஏராளமான சட்டம். படகில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும். ஒருவர் ஓட்டுபவர்; அவர் முன்னால் மட்டும்தான் பார்ப்பார். இன்னொருவர் பார்வையாளர். அவர் ஓட்டுபவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றின் நுனியில் இருப்பவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சறுக்குகிறவர் கட்டைவிரலைத் தூக்கினால் வேகம் போதவில்லை, கவிழ்த்தால் வேகம் ஜாஸ்தி. விழுந்தால் முதல் வேலையாக இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்துத் தூக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். கை தூக்காவிட்டால் அப்புறம் யோசிக்கவே கூடாது, உடனே போக வேண்டும்.

இதையெல்லாம் நான் ஒரு சின்னப் புத்தகத்தில் படித்தேன். நான் பார்க்கும் உத்தியோகம் நீர்ப்பாசன அலுவலகத்தில் வாய்க்கால் வரைபடம் போடுவது. அதற்கும் படகுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன். நீச்சலையே முதலில் படித்துத்தான் கற்றுக்கொண்டேன், அதனால்தான் அது இன்னும் சரியாக வரவில்லை என்பாள் அஞ்சலை.

கென்னுக்கு உதவியாகப் படகு ஓட்ட லைசென்ஸும் எடுத்தேன். பரீட்சையில் தேறிவிட்டேன். தபாலில் வந்த லைசென்ஸில் ‘மிஸ் அன்னா’ என்று இருந்தது. அண்ணாமலையை நடுவில் வெட்டி, மலையைக் குடும்பப் பெயராக்கி, அண்ணாவைப் பெண்ணாக்கியிருந்தார்கள். திருத்தப் போனால் ஜன்னலில் இருந்த அம்மாள், “அன்னா நேரில் வந்தால்தான் மாற்ற முடியும்,” என்றாள். நான்தான் அன்னா என்று அவளை நம்ப வைப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்து ஜன்னலை மூடிவிட்டார்கள். அந்த லைசென்ஸ் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

3

அஞ்சலைக்கு இந்த ஊர் பிடிக்காமலிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். நான் ஆபீஸ் போனதும், உமா பள்ளிக்கூடம் போனதும், அவள் ஒரு நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் யாரும் நடக்க மாட்டார்கள். “இந்த ஊர்ல ஜனங்க இருக்காங்களா, இல்ல காருங்க மட்டும்தானா?” என்று ஒருநாள் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கென்னும் அவர் மனைவி ஜோனும் எங்களை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றை மறித்துக் கட்டிய ஏரி. முங்கிப்போன பழைய காடு தண்ணீருக்குள் செத்து நிற்கிறது. வெள்ளை வெள்ளையாகக் கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அஞ்சலை இறங்கியதும், “நம்ம ஊரு ஏரி ரொம்பினா கருவேல மரம் நிக்குமே, அதாட்டம் இருக்குது,” என்றாள். இந்த நாட்டில் எதையாவது பார்த்து நம்ம ஊர் மாதிரி என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜோன் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவதை அவள் வாய் திறந்து பார்த்தாள். ஜோனுக்கு ஐம்பது வயது, மூட்டுவலி வேறு.

“என்னாங்க, நானும் போட்டுமா?”

“நீயா?”

“ஏன், நான்னா முழுகிடுவேனா? உங்களுக்குத்தான் நீச்சல் வராது.”

அது உண்மை. கீழ்பென்னாத்தூரை அடுத்து அவர்கள் நிலம். வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பெரிய கிணறு. அவள் அண்ணன் இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கயிற்றில் கோத்து, அவள் முதுகில் கட்டி, கிணற்றில் தள்ளிவிட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். குடுக்கை முதுகைத் தூக்கிப் பிடிக்கும். பிள்ளை குப்புறப் படுத்தபடி கையும் காலும் அடிக்கும். கொஞ்ச நாளில் ஒரு குடுக்கையைக் கழற்றுவார்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அந்தப் பிள்ளையைக் கிணற்றிலிருந்து வெளியே இழுப்பதுதான் கஷ்டம்.

எல்லோரும் முதல் தடவை விழுவார்கள் என்றார் கென். நான் பல தடவை விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, அத்தோடு பார்வையாளன் வேலையே போதும் என்று விட்டவன். அஞ்சலை முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றாள். சுடிதார் நனைந்து ஒட்ட, உடம்பைப் பின்னால் சாய்த்து, கையை நீட்டி, எங்கேயோ பழகியவள் மாதிரி வந்தாள்.

“எப்பிடிடி?” என்றேன், கரைக்கு வந்ததும்.

“கவலை ஓட்டி கெணத்துத் தண்ணி எறைப்பாங்க இல்ல, எங்கப்பா? மாடுங்க சரிவுல எறங்கறப்ப கயித்து மேல ஒக்காந்துப்பாரு. என்னியும் மடில வெச்சிப்பாரு. கயிறு வெறப்பா நிக்கும். அதும் மேல பாரத்தப் போட்டுட்டு சும்மா இருக்கணும். நீங்க அதோட சண்ட போட்டீங்க, அதான் வுழுந்தீங்க.”

மாடு இழுத்த கயிறும் மோட்டார் இழுத்த கயிறும் அவளுக்கு ஒன்றாக இருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். காரில் பின்சீட்டில் உமா தூங்கிவிட்டிருந்தாள். எத்தனையோ நாள் கழித்து என் மனைவியின் பழைய குரலைக் கேட்டேன். அன்றிலிருந்து வாராவாரம் ஏரி.

4

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை.

கென் அவளுக்குக் கொடுத்தது அவர் மகளின் பழைய ஜாக்கெட். தலைவழியாக மாட்டி, விலாவில் நாடா கட்ட வேண்டும். மார்புப் பக்கம் தடித்த இரண்டு மெத்தை. முதுகுப் பக்கம் மெல்லிய பட்டை. அஞ்சலை அதைத் தூக்கிப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

“இத மாத்திப் போட்டுட்டுத் தெச்சிட்டான். மெத்த முதுவுலதான இருக்கணும்?”

“இல்ல. முன்னாலதான். புஸ்தகத்துல போட்டிருக்குது.”

“புஸ்தகம் எழுதனவன் கெணத்துல எறங்கியிருக்கானா? முன்னால இம்மாந் தடி இருந்தா கைய எப்பிடி நீட்டறது? மோவாய்ல வந்து இடிக்குது.”

“மயக்கமாயிட்டா மெத்த மொகத்த மேல தூக்கும்னு...”

“நான் ஏன் மயக்கமாவறேன்?”

சொல்லிவிட்டு, நான் சொன்னபடியே போட்டுக்கொள்வாள். மேலே என்னுடைய பழைய வெள்ளை முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். நனைந்த துணியோடு நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சம் அவளுக்கு. கென் அவள் மனசு கோணக் கூடாது என்று விட்டுவிட்டார்.

தை மாதம் ஒரு நீண்ட விடுமுறை. ஏரி முழுக்கப் படகுகள். உமா ஜோனோடு கரையில் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை பெண்கள் உடைமாற்றும் கொட்டகைக்குப் போய்ச் சட்டையும் ஜாக்கெட்டுமாக வந்து தண்ணீரில் இறங்கினாள். கென் படகைக் கிளப்பினார். நான் என் இடத்தில், பின்னால் பார்த்தபடி.

அவள் அழகாக எழுந்தாள். கரைக்கு இணையாக ஒரு சுற்று வந்தோம். மரங்களைத் தாண்டித் திரும்பும்போது, எங்கிருந்தோ வேறொரு படகு குறுக்கே வெட்டிப் போனது. அது கிளப்பிய அலை உருண்டு வந்தது. கென் வேகத்தைக் குறைத்தார். அதற்குள் அலை அவள் பலகையின் மூக்கில் ஏறிவிட்டது.

வேகத்தில் விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை. கட்டாந்தரை. அவள் கன்னத்தில் அறைந்தது போல ஒரு பக்கமாக விழுந்து, உருண்டு, அப்படியே கிடந்தாள். பலகை ஒன்று தனியே பறந்து போயிற்று.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மேலே வரவில்லை.

வெள்ளைச் சட்டை காற்றடைத்து, தண்ணீரின் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதன் கீழே தலை. முகம் இல்லை, பின்தலை மட்டும், அவிழ்ந்த கூந்தலோடு.

“கை தூக்கல! அய்யோ, கை தூக்கல! திருப்புங்க, திருப்புங்க!”

தமிழில்தான் கத்தினேன். இங்கிலீஷில் ‘டவுன்’ என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனை தடவை படித்திருப்பேன், அது வாயில் வரவில்லை. கென்னுக்குத் தமிழில் வணக்கம்கூடத் தெரியாது. நான் கத்தி முடிப்பதற்குள் படகு திரும்பிவிட்டது.

அருகே போகும்போது, கொஞ்ச தூரத்திலேயே அவர் எஞ்சினை அடியோடு நிறுத்தினார். படகு தானாக மிதந்துதான் போயிற்று. அந்த நேரத்தில் அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் காரணம் எனக்கும் தெரியும். பம்புசெட் பெல்ட்டில் வேட்டி மாட்டியவனை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படகின் அடியில் சுற்றுகிற விசிறிக்கு நீந்துகிறவன், முங்குகிறவன் என்ற வித்தியாசம் கிடையாது.

நான் இறங்கினேன். குதிக்கவில்லை, இறங்கினேன். என் ஜாக்கெட் என்னைத் தாங்கியது. அவள் தோளைப் பிடித்து மல்லாக்கத் திருப்பினேன். திருப்பத் திருப்ப அவள் உடம்பு மறுபடி குப்புறவே உருண்டது. ஏதோ ஒன்று அவளை என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்தது. என்னவென்று புரியவில்லை. அவள் தலையைத் தூக்கி என் மார்பு மெத்தையின் மேல் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, “அஞ்சல, அஞ்சல,” என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவள் இருமினாள். தண்ணீரைக் கக்கினாள். மறுபடி இருமினாள். கண்ணைத் திறந்து, வெகு நேரம் போல என்னையே பார்த்தாள்.

“கண்ணாடி எங்கங்க?” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, என் மூக்குக் கண்ணாடி ஏரிக்குள் போய்விட்டது என்று.

5

கரையில் ஜோன் அவள் சட்டையைக் கழற்றியபோதுதான் எல்லோரும் பார்த்தோம். தடித்த மெத்தை முதுகில் இருந்தது. பட்டை மார்பில். கொட்டகைக்குள் தானே மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஹூ டிட் திஸ்?” என்றார் ஜோன்.

“மீ,” என்றாள் அஞ்சலை, பல் கிட்டிக்கொண்டே. “பேக் சைட். ஐ நோ ஸ்விம்மிங்.”

கென் படகை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு, சரிவில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தார். தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. நான் வாங்கிப் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். எப்படி நடந்தது என்று விவரம் எழுத ஒரு இளைஞன் வந்தான். ஏன் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டாள் என்று கேட்டான். எங்கள் ஊரில் முதுகில்தான் கட்டுவோம் என்றேன். எதை என்றான். சுரைக்காய் என்றேன். இங்கிலீஷில் அதை விளக்க விளக்க அவன் முகம் மாறியது.

“காய்கறியா?”

“காய்ந்த காய்கறி.”

அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ எழுதினான். ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரி ஒன்றின் அலமாரியில், வழக்கமாகக் காய்கறி அணிந்து நீந்துகிற பெண் என்று அஞ்சலையைப் பற்றி ஒரு குறிப்பு இன்றும் இருக்கக் கூடும்.

ஊருக்கு நாங்கள் கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். அவள் நடந்ததையெல்லாம் பேசிப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினாள். அண்ணனின் பதில் கேசட் வந்தது. எடுத்த எடுப்பில் அவர் குரல்: “நான் கட்டி வுட்ட குடுக்கையில உனக்கு ஒரு நாளு ஒண்ணும் ஆவல. அங்க எவன் கட்டினான், அவனச் சொல்லு.” அப்புறம் டேப் மட்டும் ஓடியது. பின்னால் மாடு கத்தியது. “ஒடம்பப் பாத்துக்கம்மா,” என்று முடித்தார். அஞ்சலை அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

ஏரிப் பேச்சு நின்றுபோயிற்று. நாற்காலி மறுபடி தெருவைப் பார்த்துத் திரும்பியது. நானும் கூப்பிடவில்லை. அவள் பத்திரமாக இருந்தாள், எனக்கு அது போதும் என்று நினைத்தேன். பத்திரமாக இருக்கிற மனைவி, சாத்திய ஜன்னலுக்குள் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் அவளே, “உமா நீச்சல் கத்துக்கற எடத்துக்கு நானும் வரேன்,” என்றாள். கூரை போட்ட, வெந்நீர்க் குளம். கையில் ஒரு பை. பைக்குள் கென்னிடமிருந்து வாங்கி வந்த அதே ஜாக்கெட்.

இடுப்பளவு ஆழத்தில் நின்று, முதலில் மெத்தையை முதுகில் வைத்துக் கட்டினாள். “நான் செத்தவ மாதிரி ஒடம்ப வுட்டுடறேன். நீங்க தொடாதீங்க,” என்றாள். விட்டாள். அவள் மெதுவாகக் குப்புறக் கவிழ்ந்தாள். முகம் தண்ணீருக்குள். நான் அவள் சொன்னதையும் மீறிக் கையை நீட்டிவிட்டேன். எழுந்து நின்று என் கையைத் தட்டிவிட்டு, திருப்பிக் கட்டிக்கொண்டாள். மறுபடி உடம்பை விட்டாள். இந்தத் தடவை குப்புற விழுந்தவள், யாரோ கீழேயிருந்து கை கொடுத்துப் புரட்டியது போல மல்லாந்தாள். கண்ணை மூடியபடி, முகம் கூரையைப் பார்க்க, மிதந்துகொண்டிருந்தாள். மூச்சு ஏறி இறங்கியது. நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

“சொரக்குடுக்கை நீச்சல் கத்துக்கறவளுக்கு,” என்றாள் கடைசியில், கண்ணைத் திறக்காமலே. “இது நீச்சல் மறந்துட்டவளுக்கு.”

“புஸ்தகத்துலயும் அதத்தான்...”

“புஸ்தகத்த வுடுங்க. நான் பாத்துட்டேன் இல்ல?”

6

சாயங்காலம் கென் சொன்னபடியே காற்று அடங்கியது. அகல்களைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அஞ்சலை வீட்டிலேயே சமையல் மேடை மேல் எண்ணெயும் திரியும் போட்டு வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். வந்து ஏற்றிக்கொள்ளலாம். இருட்டியபின் ஏரியில் யாரும் சறுக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆக, வெளிச்சம் இருக்கும்வரை தண்ணீர், அப்புறம் விளக்கு.

கொட்டகையிலிருந்து அவள் வந்தபோது பார்த்தேன். என் வெள்ளைச் சட்டை உள்ளே இருந்தது. ஜாக்கெட் வெளியே. மெத்தை மார்பில். கென் அதை விரல் முட்டியால் கதவு தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். விலா நாடாவை நான் இழுத்துப் பார்த்தேன்.

“போதுங்க. மாட்டுக்குக் கூட இவ்ளோ இறுக்கிக் கட்ட மாட்டாங்க.”

“கயித்தக் கைல சுத்திக்காத.”

“தெரியும்.”

“வுழுந்தா...”

“தெரியும்ங்க. போய் ஒக்காருங்க. கண்ணாடியக் கட்டிட்டீங்களா?”

கட்டியிருந்தேன். ஷூ லேஸால் பின்தலையில் முடிச்சுப் போட்டு. ஜோன் பார்த்துச் சிரித்தார். உமா கரையிலிருந்து, “குட் லக், மம்மி!” என்று கத்தினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளாகவே, “பாத்துப் போம்மா!” என்றாள்.

கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து விறைத்தது. அஞ்சலை நாற்காலியில் உட்கார்ந்தவள் போல முட்டியை மடக்கித் தண்ணீருக்குள் இருந்தாள். தலை மட்டும் தெரிந்தது. அவள் கென்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். நான் தலையசைத்ததை நானே நம்பவில்லை.

படகு உறுமியது. தண்ணீர் அவளை மூடியது. பிறகு அவள் வெளியே வந்தாள். நின்றாள். ஆடினாள். பின்னால் சாய்ந்து கயிற்றின் மேல் பாரத்தைப் போட்டாள். ஆட்டம் நின்றது.

செத்த மரங்களைத் தூரத்தில் விட்டு, கரைக்கு இணையாகப் போனோம். வெயில் சாய்ந்து அவள் பின்னால் தண்ணீர் முழுவதும் செம்பு நிறமாகியிருந்தது. அவள் ஏதோ பாடுகிற மாதிரி வாயசைத்தாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கினாள். இன்னும் வேகம். நான் கென்னிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பார்வையாளன் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

இரண்டாவது சுற்றில், யாரும் குறுக்கே வராமல், எந்த அலையும் இல்லாமல், பலகைகள் ஒன்றோடொன்று இடித்து அவள் விழுந்தாள்.

“டவுன்!” என்றேன். இந்தத் தடவை வார்த்தை வந்தது.

கென் திருப்பினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்; படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நுரை மட்டும் தெரிந்தது. அப்புறம் ஜாக்கெட்டின் ஆரஞ்சு நிறம். அப்புறம் ஒரு முகம், வானத்தைப் பார்த்து.

இரண்டு கைகள் தண்ணீரிலிருந்து எழுந்தன. தலைக்கு மேல் போயின. விரலோடு விரல் சேர்ந்து உயர்ந்து நின்றன.

“அண்ணாமலையாருக்கு அரோகரா!”

அந்தக் குரல் ஏரியின் மேல் உருண்டு வந்தது. கரையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

கென் எஞ்சினை நிறுத்தினார். “என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கேன்னு சொல்றா,” என்றேன். தமிழில்தான் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கென் சரி என்று தலையை ஆட்டினார். சத்தம் அடங்கிய தண்ணீரில் படகு தானாக அவளை நோக்கி மிதந்து போனது. அவள் இன்னும் கையை இறக்கவில்லை. ஏன் இறக்காமல் இருக்கிறாள் என்று பார்த்தேன்; அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கைகளும் தலைக்கு மேல்தான் இருந்தன.